பூச்சு கொடுத்த பிறகு பிரிண்ட் கெட்டுப்போகிறதா? கருவியைப் பாருங்கள்

பிரிண்ட் நன்றாக வந்திருக்கும். கறுப்பு ஆழமாக இருக்கும், முகத்தின் நிறம் சரியாக இருக்கும், நிழலுக்குள் இருக்கும் விவரம்கூட மறையாமல் தெரியும். மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்துவிட்டால் விரல் ரேகை படியாது, கண்ணாடி போடாமலே மாட்டலாம் என்று பூசத் தொடங்குவோம். கால் மணி நேரத்தில் அதே பிரிண்ட் குப்பைக்குப் போகும் நிலைக்கு வந்துவிடும். அப்போது பெரும்பாலானவர்கள் பூச்சுத் திரவத்தைக் குறை சொல்லி வேறு பிராண்டு வாங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கடலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கூடத்தில் கேன்வாஸிலும் புகைப்படத் தாளிலும் பிரிண்ட் எடுத்துப் பூசி வருகிறேன். திரவத்தால் கெட்ட பிரிண்டுகளைவிட, பொருந்தாத கருவியால் கெட்டவைதான் என் கணக்கில் அதிகம்.

இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் பிரிண்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் இரண்டு சோதனைகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

பூசுவதற்கு முன் இரண்டு சோதனை

முதல் சோதனை மைக்கு. அதே பிரிண்டரில், அதே தாளில் எடுத்த வேஸ்ட் துண்டு ஒன்றை ஒரு நாள் காயவிடுங்கள். காது குடையும் பட்ஸை நீரில் நனைத்து, அடர்ந்த நிறம் இருக்கும் இடத்தில் பத்து தடவை தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது டை மை (சாய மை), அல்லது இன்னும் சரியாகக் காயாத மை. ஏறாவிட்டால் பெரும்பாலும் பிக்மென்ட் மை, அதாவது நீரில் கரையாத நிறத்துகள் உள்ள மை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நிறைய இருக்கும் எப்சன் எல்805, எல்1800 போன்றவை டை மை பிரிண்டர்கள். எப்சன் ஷ்யூர்கலர் பி வரிசை, கேனான் இமேஜ்புரோகிராஃப் புரோ வரிசை ஆகியவை பிக்மென்ட். பிரிண்டர் பெயரை வைத்தே முடிவு செய்யலாமே என்று தோன்றும். டேங்கில் வெளி மை ஊற்றும் பழக்கம் பரவலாக இருப்பதால் நான் பெயரை நம்புவதில்லை, பட்ஸைத்தான் நம்புகிறேன்.

இரண்டாவது தாளுக்கு. மூலையைக் கிழித்துப் பாருங்கள். கிழிசலில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டு வந்தால் அது ஆர்.சி. தாள் (பிளாஸ்டிக் பூசிய புகைப்படத் தாள்), நீர் உள்ளே போகாது. வெறும் நார் தெரிந்தால் உள்ளே இருப்பது சாதாரணக் காகிதம்தான். மேலே எவ்வளவு பளபளத்தாலும் நீர் பட்டால் உப்பும். குறைந்த விலைக்குக் கிடைக்கும் 180 ஜி.எஸ்.எம். கிளாஸி தாள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மிச்சம் ஒரே கேள்வி: கருவி மையைத் தொடுமா, தொடாதா? பிரஷ் மையைத் தொட்டு இழுக்கிறது. ரோலர் அழுத்தித் தூக்குகிறது. கம்பி சுற்றிய பூச்சுத் தண்டு வழித்துக்கொண்டு போகிறது. ஸ்ப்ரே மட்டும்தான் தொடுவதில்லை. கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசத்தில்தான் பிறக்கின்றன.

நிறம் கரைந்து இழுபடுகிறது

ரோலரை உருட்டியதும் அதன் ஸ்பாஞ்சில் இளஞ்சிவப்போ நீலமோ ஏறியிருக்கும். பிரிண்டில் எழுத்தின் ஓரம், கண் இமை போன்ற கூர்மையான கோடுகள் கசிந்து தெரியும். டை மையின் மேல் நீர் கலந்த அக்ரிலிக் பூச்சை ரோலராலோ பிரஷ்ஷாலோ பூசியதுதான் காரணம். டை நீரில் கரையும் சாயம். அதன் மேல் ஈரத்தையும் போட்டுத் தேய்க்கவும் செய்தால் அது நகராமல் என்ன செய்யும்?

பூசிய பிரிண்டைக் காப்பாற்ற வழியில்லை. துடைத்தால் இன்னும் மோசமாகும். புதிதாக எடுத்து, கரைப்பான் கலந்த ஸ்ப்ரே கேனால் மெல்லிய படலங்களாக அடியுங்கள். முதல் இரண்டு படலம் மூடுபனி படிந்ததுபோல் இருந்தால் போதும், தாள் நனைந்து மின்னவே கூடாது. அந்தப் படலம் காய்ந்து மையை அடைத்த பிறகு மூன்றாவதைக் கொஞ்சம் தாராளமாக அடிக்கலாம்.

டை மை இவ்வளவு சிக்கல் என்றால் பூசாமலே விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விடாதீர்கள். பூச்சு அதிகம் தேவைப்படுவதே டை பிரிண்டுக்குத்தான். சீக்கிரம் உலரும் நுண்துளைத் தாளில் காற்று சாயம்வரை தடையில்லாமல் போகிறது. காற்றில் இருக்கும் ஓசோன் சாயத்தைச் சிதைக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் எடுத்த சில படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்கு மாறியதற்கு இதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நீலம் போய்விட்டால் மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும்தானே. முன்பக்கத்தை மூடும் ஒரு மெல்லிய படலம் அந்தக் காற்றைத் தடுக்கிறது.

பிக்மென்ட் மையிலும் நிறம் இழுபட்டால், அவசரப்பட்டிருக்கிறீர்கள். மையில் கிளைக்கால் போன்ற, மெதுவாக ஆவியாகும் திரவங்கள் உண்டு. கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அவை உள்ளே இருக்கும். கேன்வாஸ் என்றால் குறைந்தது 24 மணி நேரம். மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் விடுகிறேன். மேட் (பளபளக்காத) காட்டன் தாளில் கறுப்பு அதிகமான படங்கள் என்றால், காய்ந்த பிறகும் பிரஷ் வேண்டாம். அந்தக் கறுப்பு தாளின் மேற்பரப்பில் பவுடர்போல் உட்கார்ந்திருக்கிறது, ஆட்டு மயிர் பிரஷ்கூட அதைத் தேய்த்து எடுத்துவிடும்.

தாள் நெளிகிறது, ஓரம் சுருள்கிறது

நாரால் ஆன தாளின் ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிந்து தாள் வளையும். காய்ந்ததும் பூச்சு சுருங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். பழுது நீங்கள் கொடுத்த நீரின் அளவில் இருக்கிறது. ரோலர்தான் ஒரே மூச்சில் அதிக நீர் கொடுக்கும் கருவி. இப்படிப்பட்ட தாளுக்கு ஸ்ப்ரே மட்டும். ரோலர்தான் கையில் இருக்கிறது என்றால், தாளைச் சமதளமான பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இறுக்கிவிட்டுப் பூசி, முழுதும் காய்ந்த பிறகு பிரியுங்கள். ஏற்கெனவே நெளிந்ததை ஒரு வாரம் காயவிட்டு, சிலிக்கான் தடவிய ஒட்டாத தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றினால் ஓரளவு படியும்.

குமிழி, ஊசித்துளை

பூசும்போது சின்னச் சின்னக் குமிழியாக இருந்து, காய்ந்த பின் ஊசியால் குத்தியதுபோல் பள்ளமாக நிற்கும். கேன்வாஸில் இது அதிகம். காரணங்கள் பல, பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

முதலில் ரோலரைப் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் சுவருக்கு விற்கும் பெரிய துளை ஸ்பாஞ்ச் ரோலர் காற்றைக் குடித்துவிட்டு, உருட்ட உருட்ட அதைப் பூச்சுக்குள் ஊதுகிறது. நமக்கு வேண்டியது மரச்சாமான் பாலிஷுக்கு வைத்திருக்கும், கண்ணுக்குத் துளையே தெரியாத அடர்ந்த ஸ்பாஞ்ச் ரோலர். 4 அங்குல அகலம் கைக்கு அடக்கமாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் மெதுவாக எழ வேண்டும். பட்டென்று எழுந்தால் வாங்காதீர்கள்.

நல்ல ரோலரையும் உலர்ந்தபடி டிரேயில் போடக் கூடாது. நீரில் முக்கிப் பிழிந்து, பழைய துணியில் உருட்டி ஈரம் மட்டும் மிஞ்சும்படி செய்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே இருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். அப்புறம் திரவம்: டப்பாவைக் குலுக்காதீர்கள். குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்கி, நைலான் துணியில் வடிகட்டி, அரை மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். ஊற்றும்போது டிரேயின் ஓரத்தை ஒட்டி வழியவிடுங்கள்.

கடைசியாக வேகம். ரோலர் ஓட்டும் வேகத்தை நான் பழக்கும் பையன்களிடம் இப்படிச் சொல்வது வழக்கம்: ஒரு அடி தூரத்துக்கு ஒரு மூச்சு. இதைவிட வேகமாகப் போனால் நுரை வரும். முதல் படலத்தை நெசவின் நீளவாக்கில், இரண்டாவதைக் குறுக்கே. பூசி முடிந்ததும் ரோலரின் எடை மட்டும் படும்படி, கை அழுத்தாமல், ஒரே திசையில் ஒரு முறை ஓட்டினால் மிஞ்சிய குமிழிகள் உடையும். அதற்கு மேல் தொடாதீர்கள். பிசுபிசுக்கத் தொடங்கிய படலத்தில் ரோலர் பட்டால் அது ஈரத்தைத் தூக்கிக் கரடுமுரடாக விட்டுவிடும்.

ஸ்பாஞ்ச் பிரஷ்ஷை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் அது மடங்கி நிமிரும்போது ஒரு வரிசைக் குமிழியை விட்டுப் போகும்.

இணைகோடுகள், தடம், ஓரத்தில் தடிப்பு

ரோலரின் இரண்டு ஓரத்திலிருந்தும் தண்டவாளம்போல் கோடு விழுந்தால், திரவம் போதாமல் அழுத்தி ஓட்டியிருக்கிறீர்கள். ரோலர் கேட்காமல் நாம் அழுத்தக் கூடாது. கிறீச்சென்று இழுக்கும் சத்தம் வந்தால் திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஓரம் சற்றே வளைவாக இருக்கும் ரோலர் கிடைத்தால் இந்தக் கோடே வராது. கிடைக்காவிட்டால் கூர்மையான கத்தரியால் இரு ஓரத்தையும் லேசாகச் சரித்து வெட்டிக்கொள்ளலாம்.

படலம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறதா என்று கண்ணால் கணிப்பது கடினம். எடை பாருங்கள். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். டிரேயையும் ரோலரையும் பூசுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் பிரிண்டுக்கு எவ்வளவு போனது என்று தெரியும். 50 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரம் மைக்ரான்) ஈரப் படலம் வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.லி. போக வேண்டும். 16க்கு 24 அங்குலப் பிரிண்டுக்கு ஏறக்குறைய 12 மி.லி. 30 போயிருந்தால் தடித்துவிட்டது, 5 போயிருந்தால் தேய்த்துவிட்டீர்கள். ரோலர் வேலையில் இருந்த குத்துமதிப்பு என்னைவிட்டுப் போனது இந்தத் தராசு வந்த பிறகுதான்.

ஒரே அளவில் தினமும் நிறையப் பிரிண்ட் பூசுபவர்களுக்குக் கம்பி சுற்றிய தண்டு நல்ல கருவி. கண்ணாடித் தகட்டின் மேல் பிரிண்டைப் பதித்து, மேல் ஓரத்தில் திரவத்தை ஊற்றி, தண்டை ஒரே இழுப்பில் கீழே கொண்டுவர வேண்டும். சுற்றிய கம்பியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஈரப் படலமாக நிற்கும், அரை மி.மீ. கம்பி என்றால் 50 மைக்ரான். திரவம் கெட்டியாக இருந்தால் கம்பிகளின் தடம் சமமாகாமல் நுண்ணிய கோடுகளாக நின்றுவிடும். பாதியில் கை நின்றாலும் பட்டை விழும். பிக்மென்ட் பிரிண்டுக்கு மட்டும் இது சரி.

பால்போல் வெளுத்த மங்கல்

கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய எதிரி. கறுப்பின் மேல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். ஒரே தோற்றத்துக்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு. கருவியை மாற்றுவதற்கு முன் எது உங்களுடையது என்று பிரித்துப் பாருங்கள்.

கரைப்பான் ஸ்ப்ரே அடித்த ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் அது ஈரக்காற்றின் வேலை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அங்கே பனித்து, காயும் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியுமே, அதே சங்கதி. அதனால்தான் ஏ.சி. அறையிலிருந்து எடுத்த குளிர்ந்த பிரிண்டை நேராக மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அடிப்பது மிகத் தவறு. பிரிண்டும் கேனும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் நான் கேனைத் தொடுவதில்லை. சென்னை போன்ற இடத்தில் காலை 11 மணிக்கு மேல், கடற்காற்று ஏறுவதற்கு முன் ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். வெளுத்த பிரிண்டைத் தூக்கி எறிய வேண்டாம்: வறண்ட நாளில் அதே ஸ்ப்ரேயை மிக மெல்லியதாக இன்னொரு முறை அடித்தால் பழைய படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நீர்ப்பூச்சில் வரும் மங்கல் வேறு. அந்தத் திரவம் டப்பாவிலேயே பால் நிறம்தான். நீர் போய் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்த பிறகே தெளியும். தடித்துப் பூசிவிட்டால் மேல்தோல் முதலில் மூடிக்கொண்டு அடியில் நீர் தங்கிவிடும். இது பழுதல்ல, தாமதம். வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள இடத்தில் சில நாள் விடுங்கள். ஹீட் கன் வைத்துச் சுட வேண்டாம், மேல்தோல் இன்னும் இறுகும்.

ஒரு வாரமாகியும் தெளியவில்லை, பூசியது மேட் பூச்சு என்றால் அது மூன்றாவது காரணம். பளபளப்பைக் குறைக்கப் பூச்சில் சேர்த்திருக்கும் நுண்பொடி அடியில் படிந்திருந்தது, நீங்கள் கலக்காமல் மேல் திரவத்தை முதலில் பூசிவிட்டு, டப்பாவின் கடைசிப் பாகத்தை இந்தப் பிரிண்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் பூசியவை பளபளக்கும், கடைசியில் பூசியவை சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். மேலே ஒரு கிளாஸ் படலம் கொடுத்தால் கறுப்பு திரும்ப வரும், மேட் தோற்றம் கொஞ்சம் போகும்.

ஸ்ப்ரே செய்த பரப்பு சொரசொரக்கிறது, ஆரஞ்சுத் தோலாகிறது, வழிகிறது

மூன்றையும் சேர்த்தே பார்க்கலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே அளவுகோலின் வெவ்வேறு புள்ளிகள்.

தடவினால் உப்புத்தாள்போல் இருந்தால் துளிகள் பிரிண்டைச் சேருமுன் காற்றிலேயே காய்ந்துவிட்டன. தூரம் அதிகம், அல்லது மின்விசிறி ஓடுகிறது, அல்லது வெயில். ஸ்ப்ரே கேனுக்கு 25 முதல் 30 செ.மீ., கம்ப்ரெசர் காற்றில் ஓடும் ஸ்ப்ரே கன்னுக்கு 15 முதல் 20 செ.மீ. போதும். அடியில் ஆழமான மேடுபள்ளத்தோடு ஆரஞ்சுத் தோல் போலத் தெரிந்தால் துளிகள் பெரிதாக விழுகின்றன: திரவம் கெட்டி, அல்லது காற்று போதவில்லை. வழிந்து கண்ணீர்க் கோடு விழுந்தால் கை மெதுவாகப் போகிறது, அல்லது மிக அருகில் இருக்கிறது. பிரிண்டைச் சாய்த்து நிறுத்தாமல் படுக்கவைத்து அடித்தால் வழிதல் பிரச்சினை பாதி தீரும். ஒவ்வொரு வீச்சையும் பிரிண்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முந்தைய வீச்சின் பாதியை அடுத்தது மூட வேண்டும்.

கன் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் காற்றில்தான். எச்.வி.எல்.பி. என்பது அதிகக் காற்றை, முனையில் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழான அழுத்தத்தில் தள்ளும் வகை. தெளித்ததில் அதிகப் பங்கு பிரிண்டிலேயே விழும், அறை முழுவதும் பறக்காது. ஆனால் அது குடிக்கும் காற்றைச் சின்ன 25 லிட்டர் டேங்க் கம்ப்ரெசரால் தர முடியாது. முதல் இரண்டு வீச்சு நன்றாக இருக்கும், மூன்றாவதில் அழுத்தம் விழுந்து துளி பெருக்கும். உங்களிடம் சின்னக் கம்ப்ரெசர்தான் இருக்கிறது என்றால் குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன் பாருங்கள். டர்பைனோடு (காற்றை ஊதும் மோட்டார்) வரும் எச்.வி.எல்.பி. தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் காற்று சூடாக வரும். குளிர்ந்த ஊர்களில் அது வரம், நம் மே மாதத்தில் நீர்ப்பூச்சை நடுவழியிலேயே காயவைத்துச் சொரசொரப்பாக்கும். அப்போது சற்று அருகில் பிடித்து, திரவத்தில் அதன் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்துகொள்ளுங்கள். நீர்ப்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. முனை வசதி. ஏர்பிரஷ் அழகான கருவி, ஆனால் அதன் அகலத்தில் 8க்கு 10 அங்குலத்துக்கு மேல் அடித்தால் பட்டை பட்டையாகத் தெரியும்.

சொரசொரப்பானதை 2000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மிக மென்மையாகத் தேய்த்து இன்னொரு படலம் கொடுத்து மீட்கலாம். போதுமான தடிமன் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் தேய்ப்பு மை வரை போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் துளிகளைத்தான் பிடிக்கும், கரைப்பானின் ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுவத்தி எரியும் இடத்தில் கேனை அடிக்கவே அடிக்காதீர்கள். மூடிய அறையில் அடித்துவிட்டு வெளியேற்றும் விசிறியைப் போடும் பழக்கமும் ஆபத்து, சுவிட்சின் பொறி போதும்.

வட்ட வட்டமாகப் பூச்சு விலகுகிறது

ஈரமாக இருக்கும்போதே சின்ன வட்டங்களில் பூச்சு ஒதுங்கி நடுவில் பள்ளம் விழும். மீன்கண் என்று சொல்வது இதைத்தான். அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. கம்ப்ரெசர் எண்ணெய், விரல் ரேகை, தலைக்குத் தேய்த்த எண்ணெய் எல்லாம் போதும். கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் நல்ல கூடம் இருக்கிறதே, அங்கே அடித்துக்கொள்ளலாம் என்று சிலர் போவார்கள். அந்தக் காற்றில் பாலிஷின் சிலிக்கான் இருக்கும், போகாதீர்கள். கம்ப்ரெசருக்கு எண்ணெய், நீர் இரண்டையும் பிரிக்கும் வடிகட்டி போட்டு, டேங்கின் அடித் திருகைத் தினமும் திறந்து நீரை வடியுங்கள். கடலோரத்தில் ஒரு நாளில் சேரும் நீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

வட்டமாக இல்லாமல், தாமரை இலையில் விழுந்த நீர்போல் பூச்சு முழுவதுமே திரண்டு ஒதுங்கினால் பரப்பில் அழுக்கு ஒன்றுமில்லை. நீர்ப்பூச்சை ஆர்.சி. கிளாஸித் தாளில் ரோலரால் பூசியிருக்கிறீர்கள், அது பிடிப்பதற்கு அங்கே இடமில்லை. ஸ்ப்ரேக்கு மாறி, முதல் படலத்தை மூடுபனியாகக் கொடுங்கள்.

தூசி, முடி, பழுப்புப் புள்ளி

முடி என்றால் பிரஷ்ஷை மாற்றுங்கள். வெள்ளைப் புள்ளி என்றால் அச்சிடும் முன்பே தாளில் இருந்த நார்த்தூசி உதிர்ந்திருக்கிறது. காட்டன் தாளையும் கேன்வாஸையும் பிரிண்டருக்குள் விடுமுன் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பழுப்புப் புள்ளி என்றால் கன்னின் உள்வழி துருப்பிடித்துவிட்டது. நீர்ப்பூச்சுக்குத் துருப்பிடிக்காத எஃகு உள்வழி உள்ள கன்தான் வேண்டும்.

ஒரே படத்தில் பளபளப்பு மாறி மாறித் தெரிகிறது

கிளாஸித் தாளில் பிக்மென்ட் மையால் எடுத்த படத்தைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளை வானம் ஒரு மாதிரியும் கறுத்த மரம் ஒரு மாதிரியும் மின்னும். பூசாத பிரிண்டிலேயே இது இருக்கும். எப்சன் ஆர்800, கேனான் புரோ-1000 போன்ற சில பிரிண்டர்கள் நிறமில்லாத ஒரு மையை மேலே தெளித்து இதைத் தாமே சரிசெய்கின்றன. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மெல்லிய ஸ்ப்ரே படலங்கள் போதும். பூசிய பிறகும் திட்டுத்திட்டாக இருந்தால் படலம் போதவில்லை, இன்னொன்று குறுக்குவாட்டில் அடியுங்கள். இந்த வேலைக்கு ரோலரை எடுக்காதீர்கள்.

கேன்வாஸ் மூலையில் வெடிக்கிறது

சட்டத்தில் இழுத்து மடித்ததும் மடிப்பில் வெள்ளைக் கோடு தெரியும். கேன்வாஸின் மேலிருக்கும், மையை வாங்கும் வெள்ளைப் படலம் உடையக்கூடியது. அதைப் பிடித்து வைப்பது பூச்சுதான். ஸ்ப்ரே மட்டும் அடித்த கேன்வாஸில் இது அதிகம், ஏனென்றால் தெளித்தது நெசவின் மேட்டில் உட்காருகிறது, பள்ளத்தில் போதவில்லை. கேன்வாஸுக்கு ரோலரே என் தேர்வு. நெசவுக்குள் அழுத்தி நிரப்பும். மடியும் ஓரங்களுக்கு இரண்டாவது படலம் கட்டாயம். காய்ந்து ஒரு நாளாவது ஆன பிறகு, ஏ.சி.யை நிறுத்திவிட்டு, மூலையில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி மடியுங்கள். கேன்வாஸை இழுக்கும் இடுக்கியின் வாய் அகலமாக, ரப்பர் பதித்ததாக இருக்கட்டும். வெடித்ததை அதே நிற அக்ரிலிக் பெயின்டால் தொட்டு, மேலே நுனி பிரஷ்ஷால் பூச்சு கொடுத்து மறைக்கலாம்.

அடுக்கி வைத்தவை ஒட்டிக்கொண்டன

தொட்டால் ஒட்டாத நிலைக்கும் உள்ளே இறுகிய நிலைக்கும் நடுவே பல நாள் இருக்கிறது. அக்ரிலிக் படலம் நம் ஊர்ச் சூட்டில் எப்போதுமே கொஞ்சம் மிருதுதான். ரோலரால் பூசியவற்றை ஒரு வாரத்துக்குள் அடுக்காதீர்கள். அடுக்கினால் நடுவே சிலிக்கான் தடவிய ஒட்டாத தாள் வேண்டும், செய்தித்தாளோ பாலித்தீனோ அல்ல. ஒட்டிவிட்டால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். இரண்டையும் உறையில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, குளிர்ந்து விறைத்ததும் ஒரு மூலையிலிருந்து மெல்ல உரியுங்கள். பலமுறை இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

நேற்று நன்றாக அடித்த கன் இன்று துப்புகிறது

முனையில் நேற்றைய அக்ரிலிக் காய்ந்திருக்கிறது. இனி நீரில் கரையாது. முனையையும் ஊசியையும் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, கன் அப்புறம் ஒருபோதும் சீராக அடிக்காது. கரைப்பான் ஸ்ப்ரே கேன் என்றால், ஒவ்வொரு முறையும் முடித்ததும் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு விநாடி அழுத்துங்கள். மாற்று மூக்குகள் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி துப்பினாலும் முகத்தின் நடுவில்தான் விழும், அதற்குள் மாற்றிவிடலாம்.